தறி இருந்த அறை

எங்கள் வீட்டில் புதன்கிழமைக்கு 'பாப்பாடாக்' என்று பெயர். டச்சில் பாப்பா என்றால் அப்பா, டாக் என்றால் நாள். வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு குழந்தையோடு வீட்டில் இருக்கும் அப்பாக்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. அந்த நாளுக்கான சொல் அது. தமிழ்க் காதுக்கு அது பாப்பாவின் நாளாகத்தான் கேட்கும். எங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். ஏனென்றால் நான் அன்றைக்கு லீவு போடுவதில்லை. ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் எழுதுகிறவன் நான். லீவு என்றால் பில் போட முடியாத நாள், அவ்வளவுதான்.

மனைவி காலை ஏழரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, தூசி புகாத அறையில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிற வேலை அவளுக்கு. அதை வீட்டுக்கு எடுத்து வர முடியாது. நான் பதினாறு மாத மகளை உயர நாற்காலியில் உட்கார வைத்து, ஜன்னலோரம் என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். கையில் ஒரு அரிசி பிஸ்கட். லேப்டாப்பில் ஏதாவது பில்ட் ஓடும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். எந்தப் பொம்மைக்கும் கிடைக்காத மரியாதை.

இதே காட்சியை 1884-ல் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபத்தைந்து நிமிடத் தொலைவில்.

*

நாங்கள் இருக்கும் ஐந்தோவன், நெதர்லாந்தின் தெற்கே வடக்கு பிரபான்ட் மாகாணத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டரை லட்சத்தை நெருங்குகிறது. ஆம்ஸ்டர்டாம் போல அடுக்கடுக்கான கால்வாய்களோ, சாய்ந்து நிற்கும் பழைய வீடுகளோ கிடையாது. பார்க்க வருகிற நண்பர்கள் அரை நாளிலேயே "அவ்வளவுதானா ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள். சிப் செய்கிற இயந்திரங்களும் அதைச் சுற்றிய மென்பொருள் வேலைகளும் இருப்பதால், சூப்பர் மார்க்கெட் வரிசையில் தமிழ்க் குரல் கேட்காத சனிக்கிழமையே இல்லை.

எங்கள் வீடு கிழக்கே டொங்கெல்ரே பக்கம். அங்கிருந்து இன்னும் கிழக்கே போனால் நூனன் என்ற ஊர். வழியில் 2014-ல் திறந்த ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. டான் ரோஸ்கார்டே என்ற கலைஞர் வடிவமைத்தது. பகல் முழுக்க வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கான சின்னக் கற்கள், இருட்டினதும் வான் கோவின் நட்சத்திர இரவு ஓவியம் மாதிரிச் சுழித்துச் சுழித்து ஒளிரும். வெயில் இல்லாத டச்சுக் குளிர்காலத்தில் அவை எவ்வளவு குடிக்கும் என்பது வேறு கேள்வி. டிசம்பரில் நான் போகும்போதெல்லாம் கொஞ்சம் பசியோடுதான் ஒளிர்ந்தன.

வான் கோ நூனனுக்கு வந்தது 1883 டிசம்பரில். முப்பது வயது, கையில் வேலை கிடையாது, எடுத்த எதிலும் நிலைக்கவில்லை. அப்பா அந்த ஊரில் சீர்திருத்த சபையின் போதகர். கத்தோலிக்கர்கள் நிறைந்த பிரபான்டில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய புரொட்டஸ்டண்ட் குடும்பங்களுக்குப் போதகர். மகன் பெட்டியோடு வந்து நின்றதும், வீட்டுக்குப் பின்னால் சலவைத் துணியை உருளையில் கொடுத்து மடிப்பெடுக்கும் அறையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் அதுதான் அவருடைய ஸ்டூடியோ. 2020-ல் நம்மில் எத்தனை பேர் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அறையிலிருந்து கிளம்பி அவர் போனது தறிக்காரர் வீடுகளுக்கு. நூனனில் அப்போது வீட்டுக்குள் தறி வைத்து நெய்கிறவர்கள் நிறைய. 1884-ன் முதல் பாதியில் எண்ணெய் வண்ணம், நீர் வண்ணம், பேனா என்று எல்லாவற்றிலும் தறிக்காரர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். உருளைக்கிழங்கு தின்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த இந்தத் தறிக்காரர்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு இவைதான் முக்கியம். வேலை ஒரு வீட்டுக்குள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படங்களை நான் பார்த்ததில்லை.

எல்லாப் படத்திலும் தறிதான் பெரியது. ஆள் அதற்குள் சிக்கிக்கொண்ட மாதிரி இருப்பான். வரைவதில் தனக்கு இருந்த சிரமத்தை அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: அறைகள் அவ்வளவு சின்னவை, பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை, தறிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். நண்பர் ஒருவருக்கு எழுதும்போது தறியைக் கரிய ராட்சசன் என்கிறார். அதற்குள் உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரி வரை தடதடவென்று ஆட்டிக்கொண்டிருப்பவனைக் குட்டிச்சாத்தான் போல் பார்க்கிறார். தறி வடிவமைக்கிற ஒருவர் போடும் பொறியியல் வரைபடத்தையும் தன் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். வியர்த்த கைகள் பட்டுப் பட்டு அழுக்கேறிய மரம் என்பது தன் படத்தில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பொறியியல் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு லேசாகக் கோபம் வர வேண்டும். ஆனால் என் கீபோர்டில் 'ஈ' எழுத்து அழிந்து வருஷம் இரண்டாகிறது. எந்த ஸ்பெசிஃபிகேஷனிலும் அது கிடையாது.

அந்த மழலை நாற்காலிப் படத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் அவர் பார்த்த தறி பழைய ஓக் மரத்தில் ஆனது, பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. அதில் 1730 என்று வருஷம் செதுக்கியிருக்கிறது. நூற்றைம்பது வருஷத் தறி. பக்கத்தில் சின்ன ஜன்னல், வெளியே ஒரு துண்டுப் பச்சை வயல். ஜன்னலோரம் ஒரு குழந்தை நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறப்பதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எழுதுகிறார்.

முதல்முறை இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை வரவில்லை. அந்தக் குழந்தை அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறது? அம்மா எங்கே?

*

அம்மாவும் அதே அறையில்தான் இருக்கிறாள். தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்கள் அம்மாயி வீடு சென்னிமலையில். மாமா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார், அம்மாயி திண்ணையில் ராட்டை வைத்துத் தார் சுற்றும். கூலி மாமா பேரில் வரும். தார் சுற்றியதற்கு என்று தனிக் கணக்கு எதுவும் நான் பார்த்ததில்லை. நூனனிலும் இதே கணக்குதான். 1885 ஜனவரி வாக்கில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் வான் கோ ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி இதை விவரிக்கிறார். விடாமல் வேலை செய்யும் தறிக்காரன் வாரத்துக்கு 60 எல் நீளமுள்ள ஒரு துணியை நெய்து முடிப்பான். எல் என்பது அந்தக் காலத்து டச்சு நீள அளவு. அவன் நெய்ய நெய்ய ஒரு பெண் உட்கார்ந்து தார் சுற்றித் தந்துகொண்டே இருக்க வேண்டும். ஆக வேலை செய்வது இரண்டு பேர், சாப்பிட வேண்டியதும் இரண்டு பேர். செலவு போக அந்தத் துணிக்குக் கையில் நிற்பது நாலரை கில்டர்.

அதோடு நிற்கவில்லை. முடித்த துணியை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த பாவு இப்போது இல்லை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து வா என்று பல நேரம் சொல்லிவிடுகிறார்கள். கூலியும் குறைவு, வேலையும் குறைவு.

இந்த ஏற்பாட்டை நாம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஐந்தோவன், ஹெல்மொண்ட், கெல்ட்ரோப் போன்ற ஊர்களில் இருந்த துணி முதலாளிகளுக்குச் சொந்தமானது நூலும், நெய்து வந்த துணியும்தான். மற்றதெல்லாம் தறிக்காரன் பொறுப்பு. தறி நிற்கிற இடம் அவன் வீட்டில் பாதி. விளக்கெண்ணெய் அவன் செலவு. மனைவியின் நேரம் இலவசம். பாவு இல்லாத இரண்டு வாரப் பட்டினியும் அவன் கணக்கில்தான். சந்தை படுத்தால் முதலாளி யாரையும் வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. அடுத்த பாவு கொடுக்காமல் இருந்தால் போதும். இயந்திரம் வாங்கிப் போட்டவனுக்குத்தான் இயந்திரம் சும்மா நிற்கிறதே என்ற பதற்றம் வரும். தறி அடுத்தவன் வீட்டில் இருந்தால் அந்தப் பதற்றமும் அடுத்தவனுக்கே.

நான் இதைத் தறிக்காரனுக்கு இரக்கப்பட்டு மட்டும் எழுதவில்லை. போன வருஷம் அக்டோபரோடு ஒரு பிராஜெக்ட் முடிந்தது. அடுத்த கட்டம் நிச்சயம் இருக்கிறது, பட்ஜெட் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம், இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்று அந்த நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. நல்ல மனிதர்கள்தான், மெயிலில் சிரிக்கும் பொம்மைகூடப் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் ஏழு வாரம் ஆனது. லேப்டாப் என்னுடையது. மேசை, நாற்காலி, இரண்டாவது திரை, ஹீட்டருக்கான காஸ், இன்டர்நெட் எல்லாம் என்னுடையது. அவர்களுக்கு என் பக்கத்தில் சும்மா நின்றது எதுவுமில்லை.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் நிறுவனம் வரியில்லாமல் ஒரு தொகை கொடுக்கலாம். 2022-ல் நாளுக்கு 2 யூரோ என்று ஆரம்பித்தது, 2024-ல் 2.35 ஆனது. குடும்ப வரவு செலவுகளை ஆராயும் நிபுட் என்ற நிறுவனம் போட்ட கணக்கு அதன் அடிப்படை. ஆபீஸில் இருந்தால் ஆபீஸ் செலவில் போயிருக்கும் காபி, தேநீர், மின்சாரம், தண்ணீர், வீட்டைச் சூடாக்கும் செலவு, கழிவறைக் காகிதம்வரை கணக்கில் எடுத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கழிவறைக் காகிதத்தை விலைபோட்டவர்கள் அறையை ஏன் விலைபோடவில்லை என்றும் தோன்றும். தறி நிற்கும் இடம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சொந்தக் கணக்கில் வேலை செய்கிற எனக்கு அந்த இரண்டு யூரோவும் கிடையாது. அது நானே தேர்ந்தெடுத்தது. குறையாகச் சொல்லவில்லை.

*

வேலையை வீட்டுக்குள்ளிருந்து வெளியே இழுப்பதற்கு இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் போராடியிருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது உரிமை என்று பேசும்போது இது மறந்துபோகிறது.

சட்டங்களை வரிசையாகப் பார்த்தால், அவை வீட்டு வாசற்படியில் வந்து நின்று நின்று திரும்பிப் போவது தெரியும். 1874-ல் வான் ஹவுட்டன் கொண்டுவந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் அது பொருந்தாது. சொந்த வீட்டில் சொந்த அப்பாவுக்குத் தார் சுற்றித் தருகிற பிள்ளையை யார் போய் 'வேலைக்கு வைத்திருக்கிறார்கள்' என்று நிரூபிப்பது? 1890-ல் தொழில் ஆய்வாளர்களை நியமித்தார்கள், ஆரம்பத்தில் நாடு முழுவதற்கும் மூன்றே பேர். தொழிற்சாலைகளையே அவர்களால் சுற்றி முடிக்க முடியாது, இதில் நூனனின் மண்தரை வீட்டுக்குள் எங்கே குனிந்து நுழைவது?

1909-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வினோதமான கண்காட்சி நடந்தது. வீட்டுத் தொழில் கண்காட்சி என்று பெயர். வீடுகளில் செய்த பொருள்களை வைத்து, பக்கத்திலேயே அதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆனது, என்ன கூலி கிடைத்தது என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். வேறெந்தக் கண்காட்சியிலும் பொருளின் அழகைக் காட்டுவார்கள், இங்கே அட்டையைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் போட்டிருந்த உடுப்பும் பிடித்திருந்த சுருட்டும் அதே மாதிரி அறைகளில் இருந்து வந்தவைதான்.

1919-ல் எட்டு மணி நேர வேலை நாள் சட்டமானது. அதுவும் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும்தான். வீட்டில் செய்யும் கூலி வேலைக்கென்று தனிச் சட்டம் வர 1933 ஆனது. அதற்குள் வான் கோ வரைந்த வகைத் தறிகளில் பெரும்பாலானவை விறகாகப் போயிருக்கும்.

*

ஐந்தோவனில் வேலையை வீட்டிலிருந்து வெளியே இழுத்தது சட்டம் அல்ல, பல்பு.

1891-ல் கெரார்ட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், வங்கி நடத்தி வந்த தன் அப்பா ஃபிரெடெரிக்கின் பணத்தோடு இங்கே வந்து பல்பு செய்ய ஆரம்பித்தார். எம்மாசிங்கல் தெருவில் அவர்கள் வாங்கிய கட்டடம் ஒரு காலித் துணி ஆலை. இப்போது அது அருங்காட்சியகம். அன்றைய ஐந்தோவன் ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். துணி, சுருட்டு, தீப்பெட்டி இவைதான் தொழில்கள். பல்புக்கு உள்ளே இருக்கும் மெல்லிய இழையைக் கையாள நல்ல விரல்கள் வேண்டும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் வந்தார்கள். அவர்களின் அம்மாக்களில் எத்தனை பேர் தார் சுற்றியவர்களோ, அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதன் பிறகு ஊர் ஆலைக்குப் பின்னால் ஓடியது. 1910-லிருந்து தொழிலாளர்களுக்கு பிலிப்ஸ்டோர்ப் என்ற குடியிருப்பு. 1913-ல் விளையாட்டுக் கிளப், இன்றைக்கும் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு பி.எஸ்.வி. என்றால் தெரியும், அந்த முதல் எழுத்து பிலிப்ஸ்தான். 1920-ல் வூன்சல், டொங்கெல்ரே, ஸ்டிராட்டம், கெஸ்டல், ஸ்டிரைப் என்ற ஐந்து கிராமங்களையும் சேர்த்து ஒரே நகராட்சியாக்கினார்கள். ஒரே நாளில் ஊர் 45 ஆயிரத்தைத் தாண்டியது.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பிலிப்ஸில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி எனக்கு இந்த ஊரைச் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் பிறந்தது பிலிப்ஸ் வீட்டில், படித்தது பிலிப்ஸ் பள்ளியில், புத்தகம் எடுத்தது பிலிப்ஸ் நூலகத்தில், பல் பிடுங்கியது பிலிப்ஸ் டாக்டர் என்பார். பெருமையா கிண்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில். சின்ன வயதில் ஆலைச் சங்கு ஊதினதும் தெருவே சைக்கிளால் நிரம்பிவிடுமாம். "அப்பா வந்துட்டா அதுக்கப்புறம் அப்பா எங்க அப்பா. ஆலையோட ஆள் இல்ல" என்றார் ஒருமுறை. அவருடைய டச்சு எனக்குத் தமிழாகத்தான் கேட்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆலையைக் கொண்டாடிவிடக் கூடாது. அதே தாத்தாவின் அம்மா கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு நிற்க வேண்டியிருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம், சங்கத்தில் சேருவதற்கு முன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வைத்தது என்றும் அவரே சொன்னார். ஸ்டிரைப்பில் இருந்த ஆலை வளாகத்துக்குள் ஊழியர் அல்லாதவர் நுழைய முடியாது. ஊருக்குள் அதைத் தடைசெய்த நகரம் என்றே சொல்வார்களாம். ஆலை எல்லாவற்றையும் கொடுத்தது என்றால், எல்லாமே ஆலையின் கையில் இருந்தது என்றும் அர்த்தம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். மேசை காலியானது. தறி இருந்த அறையில் சாப்பாட்டு மேசை வந்தது, அதில் சாப்பிட மட்டும் செய்தார்கள். ஜன்னலைப் பார்த்து சோபா வந்தது.

டச்சு வீடுகளின் அந்தப் பெரிய முன் ஜன்னல், திரை போடாமல், உள்ளே ஒரு பூச்செடியும் விளக்குமாக. ஆரம்பத்தில் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது, மறைக்க வேண்டிய வேலை எதுவும் இந்த அறையில் நடக்கவில்லை என்று சொல்கிற ஜன்னல் என்று எடுத்துக்கொள்கிறேன். இது என் ஊகம், வரலாற்றாய்வு இல்லை.

*

1990-ல் பிலிப்ஸ் பெரும் நெருக்கடியில் உலகம் முழுக்கப் பல்லாயிரம் வேலைகளைக் குறைத்தது. 1993-ல் ஊரின் இன்னொரு தூணான லாரி ஆலை திவாலானது. சில வருடங்களில் பிலிப்ஸின் தலைமை அலுவலகமும் ஆம்ஸ்டர்டாம் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

காலியான ஆலைகளை இவர்கள் இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். தடைசெய்த நகரத்தில் இப்போது அடுக்கு வீடுகளும், காபிக் கடைகளும், மாதவாடகைக்கு மேசை தரும் இடங்களும் இருக்கின்றன. எம்மாசிங்கலில் 1930 வாக்கில் கட்டிய பெரிய வெள்ளைக் கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'வெள்ளைச் சீமாட்டி'. பல்பு ஆலையாக இருந்தது. அங்கே நகர நூலகம் வந்தது. வீட்டில் முடியாத நாள்களில் நான் அங்கேதான் போய் உட்காருவேன். காலை பத்து மணிக்குப் பார்த்தால் ஜன்னலோர மேசை எல்லாம் நிரம்பியிருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் இயந்திரம், அவரவர் ஹெட்போன், அவரவர் பிளாஸ்க். ஆலைக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம், ஆலை மட்டும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது தறிக்காரர் வீடு.

2020 மார்ச்சில் இந்த நாட்டில் கொரோனா முதலில் பரவியது பிரபான்டில். மார்ச் 9 அன்று இந்த மாகாணத்துக்காரர்களை முடிந்தவரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து நாடு முழுக்க. தறிக்காரர்களின் மாகாணம்தான் முதலில் வீட்டுக்குப் போனது. அப்போது நான் ஒரு நிறுவனத்தில் சம்பளத்தில் இருந்தேன். முதல் மாதம் சொர்க்கம். பயணமில்லை, மதியம் சூடாக ரசம். தனியாக ஒப்பந்த வேலைக்கு மாறும் தைரியமே அந்த மாதங்களில்தான் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். மகள் நடக்க ஆரம்பித்த முதல் அடியைப் பார்த்தது நான்தான். நடுவில் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது, மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நூனன் தறிக்காரனும் தன் பிள்ளையின் முதல் அடியைப் பார்த்திருப்பான். பிலிப்ஸ் சங்குக்கு ஓடியவன் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

எங்கிருந்து வேலை செய்வது என்பதில் ஊழியரின் விருப்பத்துக்குக் கூடுதல் எடை தரும் மசோதா ஒன்றை 2022 ஜூலையில் டச்சு கீழவை நிறைவேற்றியது. 2023 செப்டம்பரில் மேலவை அதைத் தோற்கடித்தது. நூலகத்தில் என் எதிரே உட்காரும் பெண் அன்றைக்குப் பயங்கரக் கோபத்தில் இருந்தாள். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த மசோதாவில் எந்த இடத்திலும் 'இரண்டு வாரம் கழித்து வா' என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வேலை எந்த அறையில் நடக்கிறது என்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம். வேலை இல்லாத வாரம் யாருடைய கணக்கு என்ற கேள்வி 1885-லிருந்து நூனனில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"நீங்க வீட்லதானே இருந்தீங்க, துணியக் காயப் போட்டிருக்கலாம்ல" என்று அந்த ஏழு வாரத்தில் ஒருநாள் மனைவி கேட்டாள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, கதவில் அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தவள். அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்கு வேலை இருந்ததா இல்லையா என்றே அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையிலிருந்து மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடியிருந்தேன், அதற்கு என்ன பெயர்?

துணியைக் காயப் போட்டேன்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை. நாலரைக்கே இருட்டிவிட்டது. மேசை விளக்கைப் போட்டேன். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் எதுவும் ஓடவில்லை, அவள் பாட்டுக்கு ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பக்கத்து வீட்டுத் தாத்தா நாயோடு போனவர் எங்கள் ஜன்னலுக்கு நேரே நின்று கையசைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் விளக்கும் எப்படித் தெரிந்திருப்போம் என்று எனக்குத் தெரியும். மகள் பிஸ்கட் கையோடு திருப்பி ஆட்டினாள். நான் பழைய ரெப்போ ஒன்றைத் திறந்து சும்மா ஒரு பில்ட் ஓட விட்டேன். எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.